பாசி வளர்க்கிறேன்: கல்தொட்டி நாட்குறிப்பு

ஜூன் 9

நேற்று ராத்திரியிலிருந்து சாரல். தென்காசிக்காரனுக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது. மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. கொடியில் கிடந்த துணியை எல்லாம் அள்ளித் திண்ணைக்கு மாற்றிவிட்டு, இனி ஆவணி வரைக்கும் ஒரு துணி ஒழுங்காகக் காயாது என்று ஆச்சி வருஷா வருஷம் பாடும் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறாள்.

பின்வாசல் கல்தொட்டி வேலை போன வாரம் முடிந்தது. தாத்தா காலத்தில் மாட்டுக்குக் கழுநீர் ஊற்றிய தொட்டி. மாடு போய் இருபது வருஷம் ஆகிறது, தொட்டி மட்டும் உடைந்த பூச்சட்டிகளைச் சுமந்துகொண்டு அப்படியே கிடந்தது. ஏர் கூலருக்குப் போடுகிற 18 வாட் மோட்டார் ஒன்றை உள்ளே இறக்கி, அரை இஞ்ச் குழாயில் தண்ணீரை மேலே ஏற்றி, ஒரு பக்கம் அடுக்கிய கற்களின் மேல் வழிந்து திரும்பத் தொட்டிக்கே வந்து விழுகிற மாதிரி செய்திருக்கிறேன். செலவு ஆயிரம் ரூபாய்க்குள். சத்தம் அருமையாக இருக்கிறது, பார்க்கத்தான் சகிக்கவில்லை. வீடு கட்ட இறக்கிய கல் மிச்சம் கிடப்பது போல மொட்டையாக இருக்கிறது. ஐந்தருவிக்குப் போகிற வழியில் பாறை மேல் பச்சையாக ஒன்று அப்பியிருக்குமே, அது இந்தக் கல்லில் வேண்டும்.

ஆச்சியிடம் சொன்னேன். "அம்பது வருஷமா இந்த வாசல்ல பாசியைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை தேஞ்சு போச்சு. நீ அதை வளர்க்கப் போறியா?" என்றாள்.

ஜூன் 13

இணையத்தில் தேடினால் எல்லோரும் சொல்வது ஒரே சமையல் குறிப்புதான். ஒரு கை பாசி, ஒரு டம்ளர் மோர், கொஞ்சம் சர்க்கரை, மிக்ஸியில் ஒரு சுற்று, பிரஷ்ஷால் கல்லில் பூசு, அவ்வளவுதான். பாசிக்குக் காட்டுப் பக்கம் போகவில்லை, அங்கே கை வைப்பது தப்பு, தேவையும் இல்லை. பின்பக்க மதிற்சுவர் 2023 டிசம்பர் பெருமழையில் ஊறியதிலிருந்து வடக்கு முகம் முழுக்கப் பாசிதான். அதில் ஒரு கை சுரண்டினேன். சட்னி ஜாரைத்தான் பயன்படுத்தினேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

பூசி முடித்தபோது கல்லெல்லாம் புதினாச் சட்னி கொட்டின மாதிரி இருந்தது.

ஜூன் 17

முதல் நாள் எறும்பு. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பூனை வந்து நக்கிவிட்டுப் போனது. மூன்றாம் நாள் காக்கா. இன்றைக்குப் பார்த்தால் கல் மேல் வெள்ளையும் சாம்பலுமாகப் பூஞ்சை, பழைய பிரெட்டில் வருமே அதே ரகம். நாற்றம் அடுக்களை வரைக்கும் வருகிறது. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, சாம்பிராணி போட்டாள்.

அத்தனையையும் தேய்த்துக் கழுவினேன். தேங்காய்நார் கொடுத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 22

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அண்ணனும் மதினியும் வந்திருந்தார்கள். மதினி கல்லூரியில் தாவரவியல் எடுக்கிறார். மோர்க் கதையைக் கேட்டுச் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. "தம்பி, அது செடிய்யா. வெயில்ல தன் சாப்பாட்டைத் தானே செஞ்சுக்கும். மோரும் சர்க்கரையும் பூஞ்சைக்குத்தான் விருந்து."

அப்புறம் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். நாம் பாசி என்று ஒரே பெயரில் கூப்பிடுவது இரண்டு வேறு சாதி. தொட்டித் தண்ணீரைப் பச்சையாக்குவதும், படியில் வழுக்கி விடுவதும் பெரும்பாலும் ஆல்கா. சுவரில் மெத்தை மாதிரி இருப்பது மாஸ், அதற்குக் குட்டியாகத் தண்டு உண்டு, இலை உண்டு, வேர் மட்டும் கிடையாது. வேர் மாதிரி அடியில் இருக்கிற இழைகள் முக்கியமாகக் கல்லைப் பிடித்துக்கொள்ளத்தான், தண்ணீரை இலையும் உடம்புமே நேராகக் குடித்துவிடும். அதனால்தான் மண்ணில்லாத கல்லிலும் வாழ்கிறது, அதே காரணத்தால் தண்ணீரில் என்ன கலந்திருந்தாலும் உடனே அடி வாங்குகிறது. துண்டு துண்டாகக் கிள்ளிப் போட்டாலும் ஒவ்வொரு துண்டிலிருந்தும் புதிதாக முளைக்கும் என்றார். ஆக, மிக்ஸி வரைக்கும் நான் செய்தது சரி. மோர்தான் தப்பு.

நம் மதிலில் இருப்பது பெரும்பாலும் ஹையோஃபிலா என்றார், வெப்ப நாடுகளில் சுவர்களிலும் ஓடைக்கரைக் கற்களிலும் சாதாரணமாக வரும் வகை. காய்ந்த ஒரு கொத்தைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். கறுத்து, இலையெல்லாம் உள்ளே சுருண்டு, தேயிலைத் தூள் மாதிரி கிடந்தது கண்ணெதிரே விரிந்து பச்சையாகிவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆச்சியும் எட்டிப் பார்த்தாள், பார்க்காத மாதிரி போய்விட்டாள்.

ஜூலை 2

அடுத்த வில்லன் போர்த் தண்ணீர். மூன்று வாரம் மோட்டார் ஓடியதில் கல்லின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பிடிக்குமே அது. நகராட்சிக் குடிநீர் விடலாம் என்றால் அதில் குளோரின். ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும்தான், ஆனால் தினமும் அதைச் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. கடைசியில் மொட்டைமாடிக் குழாயின் கீழே ஒரு டிரம் வைத்து மழைத் தண்ணீரைப் பிடித்தேன். சாரலில் டிரம் நிறைய இரண்டு நாள் ஆகிறது, ஆகட்டும். தொட்டியைக் காலி செய்து, உப்பை வினிகர் போட்டுத் தேய்த்து, நாலு தடவை அலசி, மழைத் தண்ணீர் நிரப்பியாயிற்று.

ஜூலை 11

இன்றைக்கு நடந்தது இந்த மாதத்திலேயே நல்ல விஷயம். தெருவில் "அம்மி கொத்தணுமா, ஆட்டுரல் கொத்தணுமா" என்று குரல் கேட்டது. இந்தக் குரல் இன்னும் இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன், அறுபது வயசு இருக்கும் ஒரு பெரியவர், சைக்கிளில் உளியும் சுத்தியலும்.

என் கற்களில் பாதி ஆற்றுக் கல், வழவழவென்று இருக்கும், தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். மதிலில் பாசி எங்கே பிடித்திருக்கிறது என்று உற்றுப் பார்த்தால் எல்லாம் சொரசொரப்பிலும் விரிசலிலும்தான். அண்ணாச்சியை உள்ளே கூப்பிட்டுக் கற்களைக் காட்டி, அம்மி கொத்துகிற மாதிரி பள்ளம் பள்ளமாகக் கொத்தித் தர வேண்டும் என்றேன். எதற்கு என்றார். பாசி பிடிக்க என்றேன். உளியைக் கீழே வைத்துவிட்டு ஆச்சியைப் பார்த்தார். ஆச்சி, "அவன் அப்படித்தான், நீங்க கொத்துங்க" என்றாள்.

ஆறு கல், கல்லுக்கு ஐம்பது ரூபாய். கருங்கல் லேசில் மசியாது. உளியை ஒரு சாய்வில் பிடித்து, டக் டக் என்று அரை விரல் இடைவெளியில் வரிசையாகப் போய், அந்த வரிசைக்கு நடுவில் அடுத்த வரிசை. தூசி பறக்காமலிருக்க அவ்வப்போது கல் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டார். கிளம்பும்போது சமையலறைக்கு வெளியே சாத்தி வைத்திருந்த எங்கள் பழைய அம்மியைக் காட்டி, "இதை ஏன் சும்மா போட்டிருக்கீங்க, இதுல ஏற்கெனவே கொத்தி இருக்கே" என்றார். அது என் மண்டையில் ஏன் உதிக்கவில்லை? அம்மியையும் தூக்கித் தொட்டி ஓரத்தில், வேப்பமர நிழல் விழுகிற பக்கம் சாய்த்து வைத்தேன். குழவி கொடுக்க மாட்டேன் என்றாள் ஆச்சி.

ஜூலை 13

இரண்டாம் முறை. மதில் பாசியைக் கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கி (மிக்ஸி இனி எனக்கில்லை), சலித்த செம்மண் கொஞ்சம், மழைத் தண்ணீர், தோசைமாவு பதம். பள்ளங்களில் விரலால் அப்பினேன். சில கல்லில் மட்டும் முழுத் துண்டாகப் பெயர்த்த பாசியை அழுத்தி வைத்தேன், எது பிடிக்கிறது என்று பார்க்கலாம்.

ஜூலை 29

ஆடிக் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்துக் காற்றாலைகளைக் கேட்டால் தெரியும். சாரல் ஒரு பக்கம் தூவிக்கொண்டே இருக்கிறது, காற்று மறுபக்கம் அதை உறிஞ்சிக்கொண்டே போகிறது. பெயர்த்து வைத்த துண்டுகளில் பாதி பறந்து துளசி மாடத்துக்கு அடியில் கிடந்தன. பழைய கொசுவலையை வெட்டிக் கல்லோடு சேர்த்து நூலால் கட்டிவிட்டேன். கட்டுப்போட்ட கற்களைப் பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 21

பச்சை வந்துவிட்டது! காலையில் பார்த்ததும் வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன். தண்ணீர் நேராக வழிகிற கல் முழுக்கப் பச்சை. படம் எடுத்து மதினிக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில்: "தொட்டுப் பாருங்க தம்பி, கொழகொழன்னு இருக்கா?"

கொழகொழவென்றுதான் இருந்தது. ஆல்கா.

சாயங்காலம் கொசுவலையை அவிழ்த்துப் பார்த்தபோதுதான் நிஜமான விஷயம் கண்ணில் பட்டது. தண்ணீர் வழியாத, தெறிப்பு மட்டும் படுகிற அம்மியில், உளிப் பள்ளங்களுக்குள் மட்டும் பச்சை நூல் பின்னினாற்போல் ஒரு மெல்லிய படலம். மாஸ் முதலில் இப்படித்தான் நூலாக ஓடும், அதிலிருந்து மொட்டு கட்டிச் செடி எழும்பும் என்று மதினி முன்பே சொல்லியிருந்தார். பள்ளம் பள்ளமாக, வரிசையாக, யாரோ பச்சை மையில் புள்ளி வைத்த மாதிரி.

மோட்டாரை இனி காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும்.

செப்டம்பர் 27

சாரல் நின்று மூன்று வாரம். புரட்டாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது. வேலை விஷயமாகப் பன்னிரண்டு நாள் வெளியூர், டிரம்மும் காலி. வந்து பார்த்தால் அம்மியில் கறுப்பாகத் தூள் மட்டும். மதினி உள்ளங்கையில் காட்டியது ஞாபகம் இருந்தும் மனசு கேட்கவில்லை. ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டுக் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளம் பள்ளமாகக் கண் திறந்தது. எல்லாம் இல்லை, மேல் விளிம்பில் இருந்தவை திறக்கவேயில்லை. முக்கால்வாசி பிழைத்தது.

அக்டோபர் 24

ஐப்பசி அடைமழை. கொசுப்புழு பார்க்க வருகிற அக்கா டார்ச் அடித்துத் தொட்டியைப் பார்த்துவிட்டு, இதைக் கவிழ்த்துவிடுங்கள் என்றார். அவர் சொல்வதில் தப்பே இல்லை, டெங்கு கொசு முட்டையிடுவது இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான், நான்தான் மோட்டார் நேரத்தைக் குறைத்தபோது இதை யோசிக்கவில்லை. மருந்து ஊற்ற வேண்டாம் என்று கெஞ்சி, சாயங்காலமே கொசுப்புழுவைத் தின்கிற கப்பி மீன் பத்து வாங்கி விட்டேன். மறுநாள் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்.

நவம்பர் 18

தங்க ஆசாரி நண்பன் கண்ணில் இடுக்கிப் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸை ஒரு நாளைக்குக் கடன் தந்தான். அம்மி மேல் குனிந்து பார்த்தால் அது ஒரு தோப்பு. ஒவ்வொரு செடியும் நட்சத்திரம் மாதிரி இலை விரித்து நிற்கிறது. ஓரத்தில் சிலவற்றின் உச்சியிலிருந்து செம்பழுப்பில் தலைமுடி மாதிரி ஒரு காம்பு, அதன் முனையில் ஒரு சின்னக் கூஜா, கூஜாவுக்கு மேல் கூம்பாகத் தொப்பி. வித்து வைத்திருக்கும் பை. ஆச்சிக்கும் லென்ஸைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "மூக்குத்தி மாதிரில்லா இருக்கு" என்றாள்.

இப்போதைய தலைவலி வேப்பிலை. ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, கீழே வெளிச்சம் போகாமல் பாசி மஞ்சளாகிறது. ஜப்பானில் கியோத்தோ நகரத்தில் சைஹோஜி என்று ஒரு கோயில், 1339-இல் முசோ சோசெகி என்ற துறவி திருத்தி அமைத்த தோட்டம், இன்றைக்கு அங்கே சுமார் 120 வகைப் பாசி இருக்கிறது. அதை யாரும் நட்டு வளர்க்கவில்லை, பிற்காலத்தில் பராமரிப்பு இல்லாமல் கிடந்தபோது தானாகப் படர்ந்ததுதான் என்கிறார்கள். ஆனால் இப்போது ஆட்கள் துடைப்பத்தை வைத்து உதிர்ந்த இலைகளைப் பாசி மேலிருந்து பார்த்துப் பார்த்துக் கூட்டுகிறார்கள். நானும் பூந்துடைப்பம் எடுத்துக்கொண்டேன். பின்வாசலில் பாசியைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பால்காரர் பார்த்த பார்வையை எழுத முடியாது.

டிசம்பர் 4

நேற்றுக் கார்த்திகை. ஆச்சி அம்மி மேலேயே அகல் வைத்துவிட்டாள், அழகாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் எண்ணெய் வழிந்த இடம் நாலு விரல் அகலத்துக்குக் கறுத்துப் போயிருக்கிறது. தண்ணீர் விட்டும் விரியவில்லை. ஒன்றும் சொல்லவில்லை நான். அம்மி அவளுடையது.

டிசம்பர் 21

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அம்மியின் நடுவில் சதுரமாக ஒரு வழுக்கை, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. கல் தெரிகிறது. எதிர்வீட்டுப் பையன் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பாசி கேட்டானாம், ஆச்சி தோசைக்கரண்டியால் பெயர்த்துக் கொடுத்திருக்கிறாள். "மதில்ல அவ்வளவு இருக்கே ஆச்சி, அதுல எடுத்துக் கொடுத்திருக்கலாம்லா?" என்றேன். "அது அழுக்குப் பாசி. சின்னப் பிள்ளை சாமிக்குக் கேக்குது, நல்லதைத்தான கொடுக்கணும்" என்றாள்.

அதே வாயால்தான் ஜூன் மாதம் "நீ அதை வளர்க்கப் போறியா?" என்றாள்.

எதிர்வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வைக்கோல் கூரைக்கு முன்னால் என் பாசி, அதன் மேல் மூன்று ஆடு, ஓர் ஒட்டகம். ஓரம் கொஞ்சம் சுருள ஆரம்பித்திருந்தது. துணி இஸ்திரிக்குத் தண்ணீர் அடிக்கிற பாட்டிலைக் கொடுத்து, காலையும் மாலையும் அடிக்கச் சொன்னேன், குழாய்த் தண்ணீர் வேண்டாம், எங்கள் வீட்டு டிரம்மில் பிடித்துக்கொள் என்றும் சொன்னேன். ஜனவரி 6 மூன்று ராஜா திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரிப்பார்களாம், அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.