முறிந்த இறக்கைக்குள் ஒரு நெகிழித் தண்டு

சென்ற ஆனியில், நெல்லையப்பர் கோவில் தேரோட்டத்துக்கு முந்தைய நாள் மாலை, முன்னீர்ப்பள்ளத்தில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பறக்கவிட்ட, பந்தயத்துக்கு வளர்க்கும் ஹோமர் புறாக்களில் ஒன்று, வைரி என்னும் வேட்டைப் பறவைக்குப் பயந்து தாழ இறங்கியபோது தெருவுக்குக் குறுக்கே இழுத்திருந்த கேபிள் கம்பியில் மோதிக் கீழே விழுந்தது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் மழை விழுகிறதோ இல்லையோ, காற்று மட்டும் நாள் முழுவதும் ஓயாது; அந்தக் காற்றில் புறாவால் திசை மாற முடியவில்லை. அது என் தம்பி மகன் வளர்க்கும் பெட்டை. இரண்டு வயது, எடை 400 கிராமுக்குச் சற்று மேல். இடது இறக்கை தரையில் இழுபட, சுவரோரமாக நடந்து போய் ஒதுங்கி நின்றது. பதினோராம் வகுப்புப் படிக்கும் பையன் அதைத் தொடவே அஞ்சி, "பெரியப்பா, நீங்க எடுங்க" என்று விலகிக்கொண்டான்.

எங்கள் தெருவில் முப்பது ஆண்டுகளாகப் புறா வளர்க்கும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எறக்க ஒடிஞ்சத வச்சு என்ன செய்யப் போறிய? இனி இது பறக்காது" என்றார். அவர் இரக்கமற்றவர் அல்லர். அவர் கண்ட புறாக்களில் கட்டுப் போட்டுப் பிழைத்தவை எல்லாம் இறக்கை தொங்கியபடி கூண்டுக்குள்ளேயே காலம் கழித்தவை. எங்கள் புறா இரண்டு மாதம் கழித்து வேப்பமரத்துக்குப் பறந்து போய்த் திரும்பியது. இடையில் நடந்தவற்றை, நாங்கள் செய்த தவறுகளையும் சேர்த்து, புறா வளர்ப்போருக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதல் தவறு அன்று இரவே நடந்தது. பக்கத்தில் இருந்த ஒரு சிகிச்சையகத்துக்கு எடுத்துச் சென்றோம். அங்கிருந்தவர் மூங்கில் குச்சி ஒன்றை இறக்கையோடு வைத்து, நெஞ்சையும் சேர்த்து இறுக்கமாகப் பிளாஸ்திரி சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த அரை மணி நேரத்தில் புறா வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. பறவைக்கு நம்மைப்போல், மூச்சை இழுக்கும் தசைத் தடுப்பான உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதன் உடலுக்குள் இருக்கும் காற்றுப் பைகள் விரிந்து சுருங்கும். நெஞ்சைக் கட்டினால் மூச்சையே கட்டியதாகும். இதை நான் பின்னர்தான் தெரிந்துகொண்டேன் என்றாலும், அது படும் பாட்டைப் பார்த்து அன்றிரவே சுற்றுகளை வெட்டி எடுத்துவிட்டோம். பிறகு இறக்கையை இயல்பாக மடங்கும் நிலையில் மடக்கி, நெஞ்சு மேட்டைத் தொடாதபடி தளர்வாக ஒரு சுற்று ஒட்டி, காற்றோட்டத்துக்குத் துளையிட்ட செருப்புப் பெட்டிக்குள் பழைய துணி விரித்து, இருட்டில் வைத்தோம். செய்ய வேண்டிய முதலுதவி உண்மையில் அவ்வளவுதான்.

இரண்டாவது தவறைச் செய்யவிருந்து தப்பினோம். என் முழங்கால் வலிக்கு வாங்கி வைத்திருந்த டைக்ளோஃபெனாக் மாத்திரையில் ஒரு துணுக்கைப் பொடித்துக் கொடுக்கலாம் என்று வீட்டில் ஒருவர் சொன்னார். கால்நடைகளின் பிணத்தைத் தின்னும் நம் நாட்டுப் பாறு கழுகுகள் ஏறத்தாழ அழிந்துபோனதற்குக் காரணமான மருந்து அது. கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதற்கு 2006இல் தடை வந்தது. பின்னர் மருத்துவர் எங்கள் புறாவுக்கு எழுதிக் கொடுத்தது மெலாக்சிகாம் என்னும் வேறொரு வலி மருந்து, அதுவும் எடை பார்த்துச் சொட்டுக் கணக்கில்.

மறுநாள் தேரோட்டம், உள்ளூர் விடுமுறை. ஆகவே அதற்கு அடுத்த நாள் காலையில்தான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் இராமையன்பட்டிக்குப் போனோம். அங்கே 2012இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கும் வரை, இத்தகைய மருத்துவத்துக்கு நெல்லைச் சீமைக்காரர்கள் நாமக்கல்லுக்கோ சென்னை வேப்பேரிக்கோ போக வேண்டியிருந்தது. பெட்டியைத் திறந்தபோது எனக்கு உள்ளம் நடுங்கியது. முறிந்த இடத்துத் தோல் முழுவதும் பச்சை நிறமாக மாறியிருந்தது. சதை அழுகிவிட்டது என்றே நினைத்தேன். அப்படி இல்லையாம். நமக்கு இரத்தம் கட்டினால், அது சிதைந்து உண்டாகும் பச்சைநிறப் பொருள் மேலும் சிதைந்து மஞ்சளாகும். பறவையின் உடலில் அந்த அடுத்த மாற்றம் நடப்பதில்லை என்பதால், இரண்டு மூன்று நாட்களில் கன்றிப்போன இடம் பச்சையாகவே தெரியும். இதைப் பார்த்து அழுகல் என்று நம்பிப் புறாவைக் கொன்றுவிட்டவர்களும் இருக்கக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எக்ஸ்ரேயில், தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட மேற்கை எலும்பு ஏறக்குறைய நடுவில் சாய்வாக முறிந்து, மார்புத் தசை இழுத்த இழுப்பில் ஒரு முனை மற்றொன்றின் மேல் ஏறி நின்றது. தோல் கிழியவில்லை, எலும்பு வெளியே வரவில்லை. இறக்கை நுனியைக் கிள்ளியபோது புறா வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மருத்துவர் அதைக் கண்டு மகிழ்ந்ததற்குக் காரணம், இந்த எலும்பை ஒட்டியே இறக்கைக்கான முக்கிய நரம்பு ஒன்று ஓடுகிறது. அது அறுபட்டிருந்தால் எலும்பு கூடினாலும் இறக்கை உயிர்பெறாது.

அறுவைச் சிகிச்சையை வேறோர் இடத்தில், பறவைகளுக்கு அறுவை செய்து பழகிய மருத்துவர் ஒருவர் செய்தார். அவர் எங்களை உட்காரவைத்துச் சொன்ன விளக்கத்தைத்தான் இந்த அனுபவத்தில் கிடைத்த பெரிய செல்வமாக நினைக்கிறேன். பறவையின் மேற்கை எலும்பு பப்பாளி இலைக் காம்பு போன்றது: சுவர் மெல்லியது, உள்ளே கூடு. அந்தக் கூடு வெறும் வெற்றிடமும் அன்று, காற்றுப் பையோடு தொடர்புடையது. ஸ்காட்லாந்தில் பிறந்த அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், மூச்சுக்குழலை அடைத்த பறவை வெட்டப்பட்ட இறக்கை எலும்பின் வழியே மூச்சுவிட்டதை 1774ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் பதிவு செய்திருக்கிறார். எனவே காயத்தைக் கழுவுகிறேன் என்று முறிந்த எலும்புக்குள் தண்ணீரை ஊற்றினால், பறவை நின்ற இடத்திலேயே மூழ்கிச் சாகலாம். மனிதருக்குப் போடுவதுபோல் தகடு வைத்துத் திருகாணி முடுக்குவதும் எளிதன்று. மெல்லிய சுவர் திருகாணியைப் பிடித்து நிறுத்தாமல் விரிசல் விடும்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. கட்டு மட்டும் போட்டு விடுவது முதல் வழி. முழங்கைக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளில் ஒன்று மட்டும் முறிந்திருந்தால், முறியாதது துணை நிற்கும் என்பதால் அது போதும். மேற்கையில் மார்புத் தசையின் இழுப்பைக் கட்டு தாங்காது. தெருப் பெரியவர் பார்த்த தொங்கும் இறக்கைகள் இப்படி உண்டானவையாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாவது, எலும்புக்குள் மெல்லிய எஃகுக் கம்பியைச் செலுத்தி, வெளியிலிருந்து குத்திய ஊசிகளோடு அதனைப் பிணைப்பது. உள்ளே உள்ள கம்பி எலும்பு வளையாமல் காக்கும், வெளியே உள்ள சட்டம் எலும்பு திருகிக்கொள்ளாமல் காக்கும். பறவை மருத்துவர்கள் பெரிதும் நம்புவது இதையே. மூன்றாவது, பாலிப்ரொப்பிலின் போன்ற நெகிழியால் ஆன தண்டை எலும்பின் கூட்டுக்குள்ளேயே வைத்து, இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் அக்ரிலிக் சிமெண்டால் பதிப்பது. தண்டு எடை குறைந்தது, மூட்டு எதையும் துளைப்பதில்லை, மறுபடி வெட்டி எடுக்கவும் வேண்டாம். உடலில் தானாகவே கரையும் தையல் நூல்களின் இனத்தைச் சேர்ந்த பொருள்களாலும் இப்படித் தண்டுகள் செய்கிறார்கள். ஆனால் அன்று அவரிடம் இருந்தது கரையாத வகை.

குறைகளையும் அவர் மறைக்கவில்லை. நெகிழி எஃகைவிட வளைந்து கொடுக்கும். சிமெண்டு இறுகும்போது சூடாகும். பறவை எலும்பு உள்பக்கத்திலிருந்தும் வளர்ந்து கூடும் என்பதால், முறிவுக் கோட்டில் சிமெண்டு புகுந்தால் அந்த வளர்ச்சி தடைபடும். சீழ் பிடித்தால் அனைத்தையும் தோண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. எங்கள் புறாவின் முறிவு எலும்பின் நடுப்பகுதியில், சில்லுகள் இல்லாமல் இருந்ததாலும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகள் கூண்டுக் கம்பியில் சிக்கும் என்று நாங்கள் அஞ்சியதாலும் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம். எலும்பு நொறுங்கியிருந்தாலோ, முறிவு மூட்டுக்கு அருகில் இருந்தாலோ இதை அவர் செய்திருக்க மாட்டார்.

அறுவையைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியிலிருந்து பார்த்தேன். ஐசோஃப்ளூரேன் வாயுவை முகமூடி வழியாகக் கொடுத்து மயக்கினார்கள். புறாவின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி. மயக்கத்தில் அது விரைவாகக் குளிர்ந்துவிடும் என்பதால் அடியில் வெந்நீர்ப் பை வைத்து, இறகுகளையும் தேவையான அளவுக்கு மேல் பிடுங்காமல் விட்டார்கள். தண்டு ஏறத்தாழப் பேனா ரீஃபில் பருமன், இரண்டு சென்டிமீட்டர் நீளம். அதன் நடுவில் நூல் கட்டியிருந்தது. நேரான தண்டை எப்படி இரு துண்டுகளுக்குள்ளும் நுழைப்பார்கள் என்று எனக்கு விளங்காமல் இருந்தது. முதலில் தண்டை ஒரு துண்டின் கூட்டுக்குள் நூலின் அளவுக்கு மேலாகவே தள்ளிவிட்டு, இரு முனைகளையும் நேராகப் பொருத்திய பின், நூலை இழுத்துத் தண்டின் பாதியை மற்றத் துண்டுக்குள் நகர்த்தினார்கள். தறியில் ஓடம் போவதுபோல் இருந்தது அது. தண்டு சுழலாதிருக்க இரு கோடிகளிலும் மிகச் சிறிதளவு சிமெண்டு வைத்தார்கள். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. பத்து நிமிடத்தில் புறா எழுந்து நின்றது, பையன் அழுதுவிட்டான்.

அதன் பிறகு வந்த வாரங்கள்தான் கடினமானவை. எலும்பு கூட ஏறத்தாழ மூன்று வாரம் போதும், பாலூட்டிகளைவிடப் பறவைக்கு விரைவு. ஆனால் அந்த மூன்று வாரமும் இறக்கையை மடக்கியே வைத்திருந்தால், தோளிலிருந்து மணிக்கட்டு வரை விரியும் மெல்லிய தோல் மடிப்பு சுருங்கிவிடும். எலும்பு நேராகக் கூடியும் பறக்காத புறாக்கள் உண்டாவது இதனால்தான். பத்தாம் நாளிலிருந்து வாரம் இருமுறை, சிறிது மயக்கம் கொடுத்து, இறக்கையை மெதுவாக விரித்து மடக்கினார்கள். அதற்காக மட்டும் ஐந்து முறை சென்று வந்தோம். பையன் பள்ளிக்கு விடுப்பு எடுக்க, அவன் அம்மாவிடம் நான் பேச்சு வாங்கினேன். வீட்டில், பறக்க இடமில்லாத சிறு கூண்டில் வைத்து, கம்பும் சோளமும் பச்சைப் பயறும், தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் பொடியும் வைத்தோம். காலை வெயில் படும் இடத்திலேயே கூண்டு இருந்தது. அதன் இணையான சேவல் புறாவைப் பிரித்து வைக்கச் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. முட்டையிடப் போகும் பெட்டை, ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன் எலும்புகளிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எலும்பு கூடும் வேளையில் அந்தச் செலவு கூடாது. சேவல் பக்கத்துக் கூண்டிலிருந்து நாள் முழுவதும் குமுறிக்கொண்டே இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இது வளர்ப்புப் புறாவுக்கு நாங்கள் செய்தது. மயிலுக்கோ, கூந்தன்குளத்துக்கு வரும் கூழைக்கடாவுக்கோ நாரைக்கோ இப்படி நேர்ந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வனத்துறைக்குத் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். பட்டாசுச் சத்தம்கூட வேண்டாம் என்று பறவைகளுக்காக விட்டுக்கொடுக்கும் கூந்தன்குளத்தார் இருக்கும் மாவட்டத்தில், அந்த ஒரு தொலைபேசி அழைப்பைச் செய்ய யாரும் தயங்கக் கூடாது. காட்டுப் பறவை பாதி பறந்தால் போதாது, இரை தேட முழுவதும் பறக்க வேண்டும்.

நான்காம் வாரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் தண்டைக் காணவில்லை என்று பையன் பதறினான். நெகிழி எக்ஸ்ரேயில் தெரியாது. முறிந்த இடத்தைச் சுற்றி மணி கோத்ததுபோல் புது எலும்பும், இரு கோடிகளிலும் சிமெண்டின் வெள்ளைப் புள்ளிகளும் மட்டுமே தெரிந்தன. ஆறாம் வாரம் அறைக்குள் பறக்கவிட்டோம். இடப் பக்கம் சாய்ந்து, சுவரில் மோதும் முன் இறங்கிவிட்டது. ஆவணிக் கடைசியில், காற்று அடங்கிய ஒரு காலையில், மாடியிலிருந்து வேப்பமரம் வரை போய், அங்கே சிறிது நேரம் உட்கார்ந்து, தானாகவே திரும்பி வந்தது. பந்தயத்துக்கு அதை இனி விடுவதில்லை. இடது இறக்கை இன்றும் முழுமையாக விரிவதில்லை. புரட்டாசியில் சேவலோடு சேர்த்துவிட்டோம். இரண்டு முட்டை இட்டிருக்கிறது; தெருப் பெரியவர் குஞ்சுகளில் ஒன்றை இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்.