கோத்தகிரி வீட்டுக்கு என் மகள் வந்த வழி

தொலைக்காட்சித் தொடர்களில் பதினான்கு ஆண்டுகளாக நடித்துவரும் நான், திருமணம் செய்துகொள்ளாமலே ஒரு குழந்தையைத் தத்தெடுக்க முடிவு செய்தபோது எனக்கு வயது 42. தனித்து வாழும் ஒரு பெண், ஆண் குழந்தையையோ பெண் குழந்தையையோ தத்தெடுக்கலாம். ஆனால் 2022-ஆம் ஆண்டு தத்தெடுப்பு விதிமுறைகளின்படி, 40 வயதைக் கடந்துவிட்ட எனக்கு இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தையே கிடைக்கும்.

மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்வது எளிதாக முடிந்தது. எனக்கு மாதச் சம்பளச் சீட்டு கிடையாது என்பதால், வருமானச் சான்றாக வருமான வரிக் கணக்குகளைக் கொடுத்தேன். நாள் சம்பளத்தில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே ஒழுங்காக வைத்திருப்பது நல்லது.

குழந்தை வளர ஏற்ற வீடுதானா என்று பார்க்கும் வீட்டாய்வுக்குச் சமூகப் பணியாளர் வந்த மாலையில் கோத்தகிரியில் மூடுபனி இறங்கியிருந்தது. என் தொழிலைப் பற்றிக் குடைந்து கேட்பார் என்று அஞ்சியிருந்தேன், அவரோ, "மாதத்தில் பாதி நாள் சென்னையில் கால்ஷீட் என்றால், நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்?" என்றுதான் கேட்டார். "நான் இருக்கேன்மா, எதிர் வீட்டுல ஆட்டோ இருக்கு" என்றார் அம்மா. எனக்கு ஏதேனும் நேர்ந்தால் குழந்தைக்குத் தான் பொறுப்பு என்று தம்பி எழுதிக்கொடுத்தான். நானும் கால்ஷீட்டை மாதம் பத்து நாளாகக் குறைத்துக்கொண்டேன்.

அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருப்பு. குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் வந்தபோது படப்பிடிப்பில் இருந்தேன். 48 மணி நேரத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும். அன்றே தந்தேன்.

குழந்தைகள் இல்லத்தில் என்னைக் கண்டதும் மூன்று வயதுப் பெண் ஆயாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு, "இவங்க அடிப்பாங்க" என்றாள். ஆயாக்கள் இரவில் பார்க்கும் தொடரில் நான்தான் வில்லி. அந்தச் சொல் என்னைத் தைத்தது. மறுநாள் பெரிய பொட்டு இல்லாமல், பழைய சுடிதாரில், தலையை ஒற்றைப் பின்னலாகப் போட்டுக்கொண்டு போய்த் தரையில் அமர்ந்து, ஊரிலிருந்து கொண்டுபோன பேரிக்காயை நறுக்கினேன். முதல் இரண்டு துண்டுகளை ஆயாவின் கையிலிருந்து வாங்கித் தின்றவள், மூன்றாவதை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

தத்தெடுப்பு ஆணையை முன்பு நீதிமன்றம் வழங்கியது. 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். குழந்தையை நம்மிடம் ஒப்படைத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார். முதல் வருகை முடிந்துவிட்டது. நான் நடிக்கும் தொடரை எங்கள் வீட்டில் இப்போது வைப்பதில்லை.