பதினெட்டு டால்டன்

திருகோணமலை திருஞானசம்பந்தர் வீதியில் நான் நடத்தும் உயர்தர இரசாயனவியல் வகுப்பில் சென்ற மாதம் வளைய ஏமைட்டுகளின் நீர்ப்பகுப்பைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, "மிஸ், தண்ணி சேர்ந்து வளையம் உடைஞ்சா அந்தச் சேர்வை பழுதாப்போச்சு எண்டுதானே அர்த்தம்?" என்று கேட்டாள். ஆம் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் இயலவில்லை. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில், புற்றுநோய்க்கான பிறபொருளெதிரி–மருந்து இணைவுகளுக்கு, இவ்விரண்டையும் கட்டிவைக்கும் இணைப்பியை வடிவமைக்கும் குழுவில் பணியாற்றிய காலத்தில், இதே எண்ணத்தால் நானும் பல மாதங்களை இழந்திருக்கிறேன்.

அந்த வேலைக்கு நான் போனதற்கு என் சின்னம்மாவும் ஒரு காரணம். புற்றுநோய்ச் சிகிச்சைக்காக இரவு பஸ்ஸில் மகரகம வைத்தியசாலைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும், வாய்ப்புண்ணால் கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் அவர் கண்ணீர் விடுவதைப் பார்த்திருக்கிறேன். வேகமாகப் பிரியும் கலம் எதுவானாலும், அது புற்றுநோய்க் கலமா, வாயின் மென்சவ்வா, மயிர்க்காலா என்று அந்த மருந்து பார்ப்பதில்லை. நச்சு மருந்தை ஒரு பிறபொருளெதிரியில் கட்டி, புற்றுநோய்க் கலத்தின் மேற்பரப்பிலுள்ள குறித்த புரதத்தைத் தேடிப் போகச் செய்வதே நாங்கள் செய்த வேலை. இதில் இணைப்பியின் பாடு கடினமானது. பீஎச் 7.4 உள்ள குருதியில் அது நாட்கணக்காகப் பிடி விடாமல் இருக்க வேண்டும்; பிறபொருளெதிரி கலத்துக்குள் இழுக்கப்பட்டு, அமிலத்தன்மை கூடிய, கலத்தின் செரிக்கும் பையான இலைசோசோமை அடைந்ததும் மருந்தை விட்டுவிட வேண்டும்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மைலோடார்க் என்ற இணைவு மருந்து, அமிலத்தில் உடையும் ஐதரசோன் பிணைப்பைக் கொண்டிருந்தது. அது 2010இல் மீளப்பெறப்பட்டு, 2017இல் குறைந்த அளவு மருந்தளிப்பு முறையுடன் திரும்பி வந்தது. 2011இல் வந்த அட்செட்ரிஸ் என்ற இணைவு மருந்தில், கதெப்சின் போன்ற நொதியங்கள் வெட்டும் வாலின்–சிட்ருலின் இணைப்பி இருந்தது. இந்த இரட்டை அமினோவமிலம் மனிதக் குருதியில் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். எலியின் குருதியிலோ அங்குள்ள காபொட்சிலெஸ்தரேசு நொதியம் ஒன்று அதை வெட்டிவிடுகிறது. எலியில் தோற்ற இணைப்பியை உடனே குப்பையில் போடக்கூடாது என்பதை அந்தத் துறைக்கு வந்த முதல் வாரத்திலேயே சொல்லித் தந்தார்கள்.

என்னை அலைக்கழித்தது இணைப்பியின் மறுமுனை, அதாவது பிறபொருளெதிரியைப் பற்றும் முனை. பிறபொருளெதிரியின் சங்கிலிகளுக்கு இடையிலுள்ள இருகந்தகப் பிணைப்புகளைத் தாழ்த்தி, வெளிப்படும் சிஸ்டீன்களில் (கந்தகம் கொண்ட அமினோவமிலங்களில்) மலேயிமைட் வளையத்தைச் சேர்ப்பது வழமை. கந்தகம் வளையத்தின் இரட்டைப் பிணைப்பில் விரைவாகவும் தெளிவாகவும் சேரும். தாங்கற் கரைசலில் 37 பாகை செல்சியசில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். மருந்து ஏறத்தாழ அப்படியே இருந்தது. "உறுதியானது" என்று அறிக்கை எழுதினேன். பின்னர் மனிதக் குருதி முதலுருவில் (பிளாஸ்மாவில்) வைத்தபோது, பிறபொருளெதிரியில் இருந்த மருந்து நாளுக்கு நாள் குறைந்தது. தேடிப் பார்த்தால், அது குருதிப் புரதமான அல்புமினில் ஒட்டிக்கொண்டிருந்தது.

காரணம் பாடப்புத்தக இரசாயனவியல்தான். கந்தகம் சேர்ந்த தாக்கம் மீளக்கூடியது. பிணைப்பு சற்றே பிரிகிறபோது அருகில் வேறு தயோல் (கந்தக–ஐதரசன் கூட்டம்) இல்லாவிட்டால் கந்தகம் மீண்டும் அதே இடத்தில் சேர்ந்துகொள்கிறது. ஆகவே தாங்கற் கரைசலில் எதுவும் தெரிவதில்லை. குருதியில் அல்புமினின் 34ஆம் இடத்துச் சிஸ்டீன் சுயாதீன தயோலுடன் காத்திருக்கிறது. பிரிந்த மருந்தை அது பற்றிக்கொண்டால், புற்றுநோய்க் கலத்துக்கென்று கட்டிய நஞ்சு உடலெங்கும் சுற்றத் தொடங்குகிறது. போட்டியாளன் இல்லாத களத்தில் சோதித்துவிட்டு உறுதி என்று எழுதியது என் தவறு. அந்த அறிக்கையை நானே திருத்தி எழுதினேன்.

இந்த இடத்தில்தான் அந்தப் 18 வருகிறது. மூலக்கூறுகளின் திணிவைக் காட்டும் திணிவு நிறமாலையில் எனது இணைவின் உச்சிக்குப் பக்கத்தில், 18 டால்டன் (மூலக்கூற்றுத் திணிவின் அலகு) கூடுதலாக ஒரு சிறு உச்சி எப்போதும் தெரியும். அது ஒரு நீர் மூலக்கூறின் திணிவு: வளையம் நீர்ப்பகுப்படைந்து திறந்துகொண்ட வடிவம். அதை மாசு என்று கருதி, பீஎச் பெறுமானத்தைக் குறைத்தும் குளிரில் வைத்தும் அது தோன்றாமல் தடுக்கப் பாடுபட்டேன். குருதி முதலுருவில் ஏழாம் நாள் மாதிரியைப் பார்த்தபோது, பிறபொருளெதிரியில் எஞ்சியிருந்த மருந்தில் பெரும்பகுதி அந்த 18 கூடிய வடிவமாகவே இருந்தது. வளையம் மூடியிருந்தவைதான் கழன்றுபோயின. வளையம் திறந்தால் கந்தகத்தை வெளியேற்றும் பின்னோக்கிய தாக்கம் நடைமுறையில் நின்றுவிடுகிறது என்பதை நான் வாசித்திருந்தும், என் சொந்த நிறமாலையில் அதை அடையாளம் காணவில்லை. அதன் பிறகு, சேர்க்கை முடிந்ததும் இணைவைச் சற்றே காரத்தன்மையுள்ள கரைசலில் வைத்து வளையத்தை வேண்டுமென்றே திறந்தோம். வளையத்தின் அருகில் ஓர் அமைன் கூட்டத்தை வைத்தால் அது தானாகவே விரைவில் திறந்துகொள்ளும் என்று 2014இல் வெளியான வடிவமைப்பு, எனக்கு இன்றும் மிக அழகானதாகத் தோன்றுகிறது.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லவில்லை. வளையத்தைக் கரும்பலகையில் வரைந்து, கந்தகம் எங்கே சேர்கிறது என்று காட்டி, நீரை எங்கே சேர்ப்பாய் என்று அவளிடம் வெண்கட்டியைக் கொடுத்தேன். அவள் காபனைல் கூட்டத்தில் நீரைச் சேர்த்து, வளையத்தைத் திறந்து, சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மிஸ், இனி இது கழராதே?" என்றாள். பக்கத்தில் 18 என்று எழுதச் சொன்னேன்.