தேங்க்ஸ்கிவிங்குக்கு மைதா இல்லாத ஆப்பிள் இனிப்பு

நவம்பர் நாலாவது வியாழக்கிழமை நெருங்கிவிட்டது, இங்கே அமெரிக்காவில் கடை கடையாக ஆப்பிள் குவிந்து கிடக்கிறது. எங்கள் வீட்டில் தேங்க்ஸ்கிவிங் என்கிற அந்த நன்றி சொல்லும் விருந்து நாளன்று வான்கோழியும் உண்டு, பிரியாணியும் உண்டு, கடைசியில் ஆப்பிளில் ஏதாவது ஒரு இனிப்பு கட்டாயம் உண்டு. அக்கா மகளுக்கு சீலியாக் நோய் என்று தெரிந்ததிலிருந்து அந்த இனிப்பில் மைதா கிடையாது, யாருக்குமே கிடையாது. அவளுக்கு மட்டும் ஒரு குட்டிக் கிண்ணத்தில் தனியாகச் செய்து வைப்பது, கல்யாண வீட்டில் ஒரு குழந்தையை மட்டும் தனிப் பந்தியில் உட்கார வைப்பது போல. எனக்கு அதில் சம்மதமே இல்லை.

கோதுமை, பார்லி, ரை என்கிற இந்த மூன்று தானியங்களிலும் உள்ள புரதம்தான் குளூட்டன். சீலியாக் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்க ஆரம்பித்துவிடும். "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுடா கண்ணு" என்று பெரியவர்கள் பாசத்தில் சொல்வார்கள், ஆனால் இந்த நோய்க்கு ரொட்டித் துணுக்கே அதிகம்.

முதலில் எல்லாரும் யோசிப்பது ஆப்பிள் பை, அதாவது திரட்டிய மாவு ஓட்டுக்குள் ஆப்பிளை வைத்துச் சுடுவது. குளூட்டன் இல்லாத மாவில் இழுவை இருக்காது, திரட்டும்போதே பிய்ந்து போகும், மாவைப் பிடித்து வைக்க இசப்கோலோ சாந்தன் கம் என்கிற பசைப் பொடியோ சேர்த்து இரண்டு பார்ச்மென்ட் தாளுக்கு நடுவில் வைத்துத்தான் திரட்ட வேண்டும். முடியும்தான், ஆனால் பத்து வேலை இருக்கிற நாளில் வேண்டாம் என்பேன். கோதுமையைப் பெரிதாக நம்பாத இனிப்பைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம், அதற்கு ஆப்பிள் கிரிஸ்ப்பை, அதாவது நறுக்கிய ஆப்பிள் மேல் ஓட்ஸ் உதிரி தூவிச் சுடும் இனிப்பை, அடிக்க ஆளில்லை.

பழம் முக்கியம். புளிப்புக்கும் உறுதிக்கும் கிரானி ஸ்மித், இனிப்புக்கு ஹனிகிரிஸ்ப், பாதிக்குப் பாதி. மெக்கின்டாஷ் வாசனையான பழம்தான், ஆனால் சூட்டில் குழைந்துவிடும், அதை ஆப்பிள் சாஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதுக்குப் பதின்மூன்று இஞ்ச் தட்டுக்கு எட்டுப் பெரிய பழம் சரியாக இருக்கும். தோல் சீவி, கால் இஞ்ச் கனத்துக்கு நறுக்கி, எலுமிச்சைச் சாறு, கால் கப் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், பட்டைத் தூள் போட்டுப் பிரட்டித் தட்டில் பரப்புங்கள்.

மேலே தூவுவதற்கு ஒன்றரை கப் ஓட்ஸ், ஒரு கப் பாதாம் மாவு, அரை கப் அரிசி மாவு, ஒரு கப் பிரவுன் சுகர் (நாட்டுச்சர்க்கரை இருந்தால் இன்னும் மணம்), ஒரு சிட்டிகை உப்பு, 170 கிராம் குளிர்ந்த வெண்ணெய். வெண்ணெயைத் துண்டு போட்டு, புட்டுக்கு மாவு பிசிறுகிற அதே கைப்பக்குவத்தில் விரல் நுனியால் பிசிறுங்கள், பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். அரிசி மாவு மட்டும் போட்டால் நறநறக்கும், பாதாம் மாவு அதைச் சரிக்கட்டிவிடும். 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முக்கால் மணி நேரம். மேலே சிவந்ததும் எடுத்துவிடாதீர்கள், ஓரத்தில் சாறு கெட்டியாகக் கொதித்து குமிழ் விட வேண்டும், அப்போதுதான் கார்ன்ஃப்ளார் வெந்திருக்கும்.

ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லை, ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடும். அதனால் குளூட்டன் ஃப்ரீ என்று அச்சிட்ட பாக்கெட்டையே வாங்குங்கள். இங்கே எஃப்டிஏ (அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) விதிப்படி அப்படிப் போட வேண்டுமென்றால் பத்து லட்சத்தில் 20 பங்குக்கும் குறைவாகத்தான் குளூட்டன் இருக்கலாம். சுத்தமான ஓட்ஸே ஒத்துக்கொள்ளாத சீலியாக்காரர்களும் உண்டு, விருந்தாளியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒத்துக்கொள்ளாது என்றால் ஆப்பிளை நடுவில் குடைந்து, வால்நட், திராட்சை, நாட்டுச்சர்க்கரை, வெண்ணெய் அடைத்து, தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அப்படியே சுட்டுவிடலாம், மாவே வேண்டாம்.

செய்முறையை விட எனக்குக் கவலை அடுப்படிதான். சப்பாத்தி உருட்டிய மேடையில் மாவு படிந்திருக்கும், மரக்கரண்டியின் விரிசலில் ஒட்டியிருக்கும், மைதா அள்ளிய கப்பையே சர்க்கரை டப்பாவிலும் விட்டிருப்போம். அதனால் அன்றைக்கு முதல் வேலையே இந்த இனிப்புதான்: மேடையைக் கழுவித் துடைத்து, புதுச் சர்க்கரை, புது வெண்ணெய் பிரித்து, இதை ஓவனில் வைத்த பிறகே மைதா டப்பாவைத் திறப்பது. அப்புறம் நம்மூர்ச் சமையலும் மேசையில் இருக்கும் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும், ரசம் வைக்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

ஐஸ்கிரீமும் அப்படித்தான், சாதா வெனிலா என்று நினைத்து எடுப்போம், சிலதில் பார்லி மால்ட் இருக்கலாம், படித்துவிட்டு வாங்குங்கள். பரிமாறும்போது கிரிஸ்ப்புக்கு என்று தனிக் கரண்டி போட்டு, அந்தக் குழந்தைக்கே முதலில் எடுத்து வையுங்கள், கேக் வெட்டிய கரண்டி உள்ளே போவதற்கு முன்னால்.