வார்டு வேட்பாளரின் முதல் வாக்குறுதி தரைக்கு அடியில் இருக்கட்டும்

தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். மன்றத்தின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு. அடுத்த தேர்தலில் நிற்க நினைப்பவர்கள் இப்போதே துண்டறிக்கை எழுதத் தொடங்கியிருப்பார்கள். குடிநீர், சாலை, விளக்கு, சாக்கடை, பூங்கா என்று எல்லாமே அதில் இருக்கும். எதை முதலில் செய்வோம், எதை அதற்குப் பிறகுதான் தொடுவோம் என்பது மட்டும் இருக்காது. வார்டு வேலையில் வரிசைதான் எல்லாம். வரிசை தப்பினால் ஒரே தெருவை மூன்று முறை வெட்ட வேண்டிவரும், மூன்று முறையும் மக்கள் பணம் போகும்.

வாக்குறுதி எழுதும் முன்னால் தெருத்தெருவாக ஒரு பட்டியல் வேண்டும்: இது யாருடைய சொத்து? உட்புறத் தெரு மாநகராட்சியுடையது. அதை வெட்டிக்கொண்டு போகும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மரும் தெருவோர மின்விநியோகப் பெட்டியான பில்லர் பெட்டியும் மின்வாரியத்துடையவை. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. இதைப் பிரிக்காமல் "எல்லாம் செய்து தருவேன்" என்றவர், வென்ற மறுமாதமே "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்க" என்று சொல்லும் நிலைக்கு வந்துவிடுகிறார். நிர்வாக அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. கவுன்சிலர் கையில் இருப்பவை மன்றக் கூட்டத்தில் கேள்வி, தீர்மானம், வார்டு குழு, விடாத கண்காணிப்பு. துண்டறிக்கை இந்த நான்கையும் வைத்து எழுதப்பட வேண்டும்.

என் கணக்கில் முதல் இடம் மழைநீர் வடிகாலுக்குத்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. தூர்வாருவது செப்டம்பருக்குள் முடிய வேண்டும். தண்ணீர் போய்ச் சேரும் முகத்துவாரத்தில் தொடங்கி, அங்கிருந்து மேல்நோக்கி வர வேண்டும். மேலே சுத்தம் செய்து கீழே அடைப்பை விட்டால், முதல் மழையிலேயே தாழ்வான தெரு மூழ்கும். எடுத்த வண்டலை வடிகால் ஓரத்திலேயே குவித்து, காய்ந்த பிறகு அள்ளலாம் என்று விடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அடுத்த மழை அதில் பாதியைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். எடுத்த வண்டலை எத்தனை நாளுக்குள் அகற்ற வேண்டும் என்பது வேலை உத்தரவிலேயே இருந்தால்தான் ஒப்பந்ததாரரிடம் கேட்க முடியும்.

வடிகால் கட்டியும் தண்ணீர் நிற்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. சாலையை மேலே மேலே போட்டதிலோ முதலிலேயே தப்பாக வைத்ததிலோ, தண்ணீர் நுழையும் துவாரம் சாலை மட்டத்தைவிட உயரமாக இருக்கும். அல்லது சரிவு தப்பாக இருக்கும். ஒரு டியூப் லெவலை (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். அல்லது இரண்டு ஒப்பந்ததாரர்கள் கட்டிய பகுதிகளுக்கு நடுவில் பத்தடி இணைக்காமல் விடப்பட்டிருக்கும். அந்தப் பத்தடிக்குள் பெரும்பாலும் ஒரு மின்கம்பமோ குடிநீர்க் குழாயோ குறுக்கே நிற்கும். அதை நகர்த்த யாரும் பணம் கட்டியிருக்க மாட்டார்கள். புதிதாக ஒரு கிலோமீட்டர் வடிகால் கேட்பதைவிட, விட்டுப்போன இந்த இணைப்புகளை முடிப்பேன் என்று தெருப் பெயரோடு எழுதுவது பல மடங்கு பயனுள்ளது.

இன்னொரு சோதனை எளிது. மழையே இல்லாத மே மாதத்தில் வடிகால் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் ஓடினால் அது மிகப் பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர். வடிகாலில் விட்டிருக்கும் அந்த வீட்டு இணைப்பைத் துண்டிப்பேன் என்று மிரட்டிப் பயனில்லை. பாதாள சாக்கடை இல்லாத தெருவிலும், இருந்தும் இணைப்புக் கட்டணம் கட்ட முடியாத வீட்டிலும்தான் இது அதிகம். முதலில் சாக்கடை இணைப்பு, பிறகு துண்டிப்பு. எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதில் சந்தேகமிருந்தால், கழிப்பறையில் சாயத்தைக் கரைத்து ஊற்றி வடிகாலில் பார்க்கலாம்.

பாதாள சாக்கடை அடைத்துக்கொண்டால் மனிதரை இறக்கவே கூடாது. கையால் மலம் அள்ளும் பணியைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்திருக்கிறது. உயிரிழந்தால் தர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-ல் 10 லட்சம் ரூபாய் என்றது, 2023-ல் 30 லட்சமாக உயர்த்தியது. இவ்வளவுக்குப் பிறகும் ஆட்கள் இறக்கப்படுவதற்கு ஒரு நடைமுறைக் காரணம், குறுகலான சந்துக்குள் அழுத்த நீரைப் பாய்ச்சி அடைப்பெடுக்கும் பெரிய ஜெட்டிங் லாரி போக முடியாதது. எனவே வேட்பாளர் கேட்க வேண்டியது சந்துக்குள் நுழையும் சிறிய இயந்திர வண்டி. அதோடு, எந்தெந்த மேன்ஹோல் சாலைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது என்ற பட்டியலும் வேண்டும். மூடி கிடைக்காவிட்டால் இயந்திரம் இருந்தும் வீண்.

குடிநீரில் எல்லோரும் அளவைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குத் தரம்தான் கவலை. விட்டுவிட்டு வழங்கும் ஊர்களில் விநியோகம் நின்றதும் குழாயில் அழுத்தம் விழுந்துவிடுகிறது. விரிசல் இருக்கும் இடத்தில் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே கசிகிறது. குழாயைத் திறந்த முதல் சில நிமிடம் நாற்றமடிப்பது இதனால்தான். கடைசி வீட்டுக் குழாயில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். நிறம் பார்க்கும் சின்னப் பெட்டி ஒன்று போதும், சில நிமிடத்தில் தெரிந்துவிடும். தொட்டிக்கு அருகில் சோதித்து எழுதிக்கொண்டு போவதில் பயனில்லை, தெருக் கோடியில் சோதிக்க வேண்டும். "வாரம் ஒருமுறை, ஒவ்வொரு தெருவின் கடைசிக் குழாயிலும் சோதனை, முடிவு வார்டு அலுவலகப் பலகையில்" என்பதற்கு மேல் ஒரு நல்ல குடிநீர் வாக்குறுதி எனக்குத் தெரியவில்லை. செலவும் மிகக் குறைவு.

இதெல்லாம் முடிந்த தெருவுக்குத்தான் சாலை. போடும் முன் மின்வாரியம், குடிநீர், இணையக் கேபிள், எரிவாயுக் குழாய் என எல்லோரிடமும் அடுத்த இரண்டு ஆண்டில் வெட்டும் திட்டம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பழைய தாரை மில்லிங் செய்து எடுத்த அளவுக்கே புதிது போட வேண்டும்: 40 மில்லிமீட்டர் சுரண்டினால் 40 மில்லிமீட்டர் போடலாம். சுரண்டாமல் போட்ட தெருக்களில் வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்து, மழைநீர் நேராக நடுவீட்டுக்கு வருகிறது. அளவைச் சரிபார்க்க வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை வேலைக்கு முன்னும் பின்னும் சுவரில் குறித்துவைத்தால் போதும்.

குப்பையில் கணக்கு முக்கியம். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு கிலோ சேரும். ஆயிரம் வீட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு டன். அதில் ஏறக்குறைய பாதி மட்கும். மட்கும் குப்பையை உரமாக்கும் நுண் உர மையங்கள் நாறுவதும், அக்கம்பக்கத்தார் பூட்டச் சொல்வதும் பெரும்பாலும் பிரிக்காத குப்பை அங்கே வருவதால்தான். காய்ந்த இலை கலக்காமல் காய்கறிக் கழிவை மட்டும் கொட்டினால் ஈரம் மிஞ்சி, காற்று போகாமல் அழுகும். கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு துளிக்கு மேல் சொட்டக்கூடாது. வண்டியில் ஒரே பெட்டி வைத்துக்கொண்டு வீட்டில் பிரிக்கச் சொல்வது மக்களின் நம்பிக்கையைக் கெடுக்கிறது. தடுப்புள்ள வண்டி முதலில் வரட்டும், பிரிக்கச் சொல்லும் பிரசாரம் பிறகு. தூய்மைப் பணியாளருக்குக் கையுறை, உடை மாற்ற அறை, கழிப்பறை ஆகியவையும் இதே பத்தியில் வர வேண்டியவை.

நடைபாதைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் குறைந்தபட்சத் தடையற்ற அகலம் 1.8 மீட்டர், உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. உயரமாகக் கட்டினால் முதியவர்கள் சாலையில்தான் நடப்பார்கள். தள்ளுவண்டிக் கடைகளை அகற்றுவேன் என்று எழுதுபவர்கள் 2014-ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டத்தைப் படிக்க வேண்டும். அந்தச் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாத இடம் வியாபாரிகளுக்கே. கணக்கெடுப்பை முடித்து விற்பனைச் சான்றிதழ் தராமல் அகற்றச் சட்டம் இடம் தரவில்லை.

பணத்துக்கு வருவோம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, பட்ஜெட் அதற்கு முன்பே தயாராகிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் பதவியேற்பவருக்கு முதல் ஆண்டு பட்ஜெட்டில் பெரிதாக எதையும் சேர்க்க முடியாது. எனவே முதல் ஆண்டுக்குப் பராமரிப்பு வேலைகளை மட்டும் வாக்களித்து, இணைப்பு வடிகால் போன்றவற்றின் எஸ்டிமேட்டை அந்த ஆண்டு இறுதிக்குள் தயார் செய்ய வைப்பதே நடக்கக்கூடியது. அரசும் மக்களும் செலவைப் பகிரும் 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று. பூங்கா, பள்ளிச் சுற்றுச்சுவர் போன்றவற்றுக்கு அது பொருந்தும். ஏழைத் தெருவின் சாக்கடைக்கு அங்கே இருப்பவர்களிடமே பங்கு கேட்பது நியாயமில்லை.

வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபைக் கூட்டத்துக்கு வரும்போது கவுன்சிலர் கொண்டுவர வேண்டியது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள்: மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர், தொடங்கிய நாள், முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிந்த நீளமும் கனமும், குறை வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம் முடியும் தேதி. கடைசித் தேதியைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. அது முடியும் முன்பே ஒருமுறை தெருவை நடந்து பார்த்து, உடைந்ததை எழுத்தில் கொடுத்தால் மாநகராட்சிக்குச் செலவில்லாமல் பழுது பார்த்துவிடலாம். தாள் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போட்டு, 30 நாளில் யாரும் கேட்டு வாங்கலாம்.