சினைப் பன்றிக்குத் தீனி: பாசத்தில் நான் செய்த தப்பு

பன்றி வளர்க்க ஆரம்பித்த புதிதில், சினையாகிவிட்டதே என்று பாசத்தில் அள்ளி அள்ளிப் போட்டேன். வெள்ளை யார்க்‌ஷயர் இனம், நன்றாகக் கொழுத்துவிட்டது. குட்டி போடும்போது திணறியது, அப்புறம் பாலூட்டும் நேரத்தில் தீனியைத் தொடவே இல்லை. சினையில் கொழுத்த தாய்க்குப் பிறகு பசி குறையும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சினைக்காலம் சுமார் 114 நாள், அதாவது 3 மாதம், 3 வாரம், 3 நாள். முதல் மூன்று மாதம் நாளுக்கு இரண்டு, இரண்டரை கிலோ அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்த சத்துத் தீனி) போதும், மெலிந்திருந்தால் கொஞ்சம் கூட்டலாம். கடைசி மாதத்தில்தான் வயிற்றில் குட்டிகள் வேகமாக வளரும், அப்போது அரைக் கிலோ சேர்த்துப் போடுங்கள். ஈனுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு தீனியைக் குறைத்துக் கோதுமைத் தவிடு கலந்தால் மலச்சிக்கல் தொல்லை குறையும்.

குட்டி போட்ட பிறகு கணக்கே வேறு. நாளுக்குத் தாய்க்கு 2 கிலோ, அதோடு பாலூட்டும் குட்டி ஒன்றுக்கு அரைக் கிலோ வீதம் தாய்க்கே கூட்டிப் போட வேண்டும். பத்துக் குட்டி என்றால் 7 கிலோ. இதை முதல் நாளே கொட்டாமல் ஒரு வாரத்தில் படிப்படியாக ஏற்ற வேண்டும். வெயில் காலத்தில் இவ்வளவையும் தின்ன வைப்பது பெரும் பாடு, அதனால் நான் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் போடுகிறேன். தண்ணீர் நாளுக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும், தொட்டி காயக்கூடாது. இப்போது மெலிய விட்டால், குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து 4 முதல் 7 நாளில் வரவேண்டிய, மறுபடி இணைசேரும் பருவம் தள்ளிப்போகும். ஓட்டல் மிச்சத்தை மட்டுமே நம்பி வளர்ப்பவர்கள் அடி வாங்குவது இந்த இடத்தில்தான்.