பேன் பார்த்த ஞாயிறுகள்

போன மாதம் ஒருநாள் என் மகள் பள்ளிவிட்டு வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல் "அம்மா, நான் அழுக்காவா இருக்கேன்?" என்று கேட்டாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தலையில் பேன் என்று கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்துவிட்டார்களாம். டைரியிலும் சிவப்பு மையில் ஒரு வரி. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்பார்களே, அதுதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

தினமும் குளிக்கிற பிள்ளை அவள். வாரம் இரண்டு முறை தலைக்கு ஊற்றுகிறேன். பேனுக்கு வேண்டியது மனிதத் தலையின் சூடும் ரத்தமும்தான். சுத்தமான தலையிலும் அது நன்றாகவே வாழும். அதற்குப் பறக்கத் தெரியாது, குதிக்கவும் தெரியாது. இரண்டு பிள்ளைகள் தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் பார்க்கும்போது முடி வழியாக ஊர்ந்து போகும். "உனக்குக் கூட்டாளி இருக்கா, அதனால வந்துச்சு" என்று சொன்னேன். அப்புறம்தான் அழுகையை நிறுத்தினாள்.

ஞாயிறு காலை வாசலில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்தோம். என் அப்பத்தா எனக்குச் செய்தது போலவே பழைய வெள்ளை வேட்டியை மடியில் விரித்து, தலை நிறைய எண்ணெய் வைத்து, பேன்சீப்பால் வாரினேன். எண்ணெய்க்குள் பேனால் ஓட முடியாது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் ஈர் அதிகம். முடியின் அடியில் பசைபோல ஒட்டியிருக்கும், ஷாம்புவுக்கெல்லாம் அசையாது. இரண்டு விரலால் பிடித்து நுனிவரை உருவ வேண்டும். முதல் நாள் 23 பேன் விழுந்தது. அதோடு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. மிஞ்சிய ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் மூன்று நாளைக்கு ஒருமுறை வாரிக்கொண்டே இருந்தேன்.

சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. தயவுசெய்து செய்யாதீர்கள். கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம்.

இதற்கு நடுவில் ஒரு சீப்பைப் பற்றிப் படித்தேன். இஸ்ரேலில் லாகீஷ் என்ற பழைய ஊரைத் தோண்டியபோது கிடைத்தது. கி.மு. 1700 வாக்கில் செய்தது, யானைத் தந்தம். சிக்கெடுக்க ஒரு பக்கம் 6 பல், பேனுக்கு மறுபக்கம் நெருக்கமாக 14 பல். அதில் அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்த கானானியரின் எழுத்தில் பொறித்திருந்ததை 2022இல் வெளியிட்டார்கள்: இந்தத் தந்தம் தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை ஒழிக்கட்டும் என்று ஒரு வேண்டுதல்! தந்தச் சீப்பு வாங்கும் வசதியுள்ளவர் தலையிலும் பேன் இருந்திருக்கிறது. மகளிடம் படத்தைக் காட்டினேன். பல்லை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

அழகர்கோவிலுக்குப் போனபோது மதில்மேல் ஒரு தாய்க்குரங்கு குட்டியின் முதுகு ரோமத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. குட்டி கண்ணை மூடிக் கிடந்தது. இப்படிப் பார்த்துவிடும்போது குரங்கின் இதயத்துடிப்பு தணிகிறது என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள். பேனும் உண்ணியும் போவது ஒரு பக்கம்; ஒன்றையொன்று நம்பிக் கூட்டமாக இருக்கவும் இந்தத் தொடுகை வேண்டியிருக்கிறது. என் மகளும் மூன்றாவது ஞாயிறு மடியிலேயே தூங்கிவிட்டாள். அன்று விழுந்தது 2தான்.

சரி, ஒரு தலையை மட்டும் பார்த்தால் திரும்பவும் வருமே. அவள் கூட்டாளியின் அம்மாவுக்குப் போன் செய்தேன். முதலில் தயங்கினார், பிறகு "எங்க வீட்லயும் இருக்குங்க, வெளியே சொல்லல" என்றார். போன ஞாயிறு எங்கள் வாசலில் இரண்டு வேட்டி விரித்தோம். பிள்ளைகள் இரண்டு பேரும் யார் தலையில் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.